பாலைவனத் தொல்தலத்துக்குப் பார்வையாளர் நிலையம்: யாழ்ப்பாண மாணவி ஒருவரின் கேள்விக்குப் பதில்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்து கட்டடக்கலை படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். இறுதியாண்டு வேலைக்காக, பாலைவனத்தில் மண்கோட்டையும் கல்லறைகளும் உள்ள ஒரு பழைய தலத்துக்குப் பார்வையாளர் நிலையம் வடிவமைக்க வேண்டுமாம். நிலைபேறான கட்டடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தான் பாலைவனத்தைக் கண்ணால் கண்டதில்லை என்கிறார். மண்சுவரா, மேலே வீசும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் காற்றுக் கோபுரமா, சோலரா, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார். பார்த்தால் கட்டுமானப் பொருளைப் பற்றிய கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டாம் தரம் வாசித்தபோது உள்ளே வேறொரு கவலை தெரிந்தது: எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு காலநிலையில், ஈராயிரம் வருடமாக நிற்கும் ஒன்றுக்குப் பக்கத்தில் போய், அதைக் கெடுக்காமல் எப்படிக் கட்டுவது? அந்தக் கவலை மிகச் சரியானது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளில் பழைய கட்டடங்களைப் பேணும் வேலைத்தளங்களில் நெடுங்காலம் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். இப்போது ஊரில் பழைய நாற்சார் வீடுகளைத் திருத்திக் கொடுக்கிறேன். நான் தொல்லியலாளன் இல்லை. எங்கே தோண்டலாம், எந்த மண்படை எந்தக் காலம் என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டியவை. கட்டடக்காரனாக என் கருத்து இது: இப்படிப்பட்ட நிலையம் நிலைபேறானதா இல்லையா என்பது சுவர் எந்தப் பொருள் என்று முடிவெடுக்கும் முன்பே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. எவ்வளவு கட்டுகிறீர்கள், எங்கே கட்டுகிறீர்கள், எவ்வளவு தண்ணீரை அங்கே கொண்டு வருகிறீர்கள், பத்து வருடம் கழித்து அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. இந்த நான்கில் மாணவர்களின் வரைபடங்களில் நான் காணவே காணாதது தண்ணீர். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாலைவனம் என்றதும் தண்ணீர் இல்லையே, எப்படிச் சேமிப்பது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் தொல்தலத்தின் பக்கம் நின்று பாருங்கள். அந்த மண்சுவரும் கல்லறையும் இவ்வளவு காலம் நிற்பதற்கு முதற் காரணம் அங்கே ஈரம் இல்லாததுதான். நீங்கள் ஒரு நிலையத்தைக் கட்டித் திறந்த அன்றிலிருந்து அங்கே இதற்கு முன் இருந்தே இராத அளவு தண்ணீர் வரத் தொடங்குகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாளுக்கு 500 பேர், மலசலகூடம், கை கழுவல், குடிநீர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லீற்றர் என்று வைத்தால் நாளுக்கு 7,500 லீற்றர். வருடத்தில் 300 நாள் திறந்திருந்தால் 22,50,000 லீற்றர். அந்த இடத்தில் வருட மழை 50 மில்லிமீற்றர் என்றால், ஏறக்குறைய 11 ஏக்கர் நிலத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையை நீங்கள் ஒரே மூலையில் உள்ள உறிஞ்சு குழிக்குள் ஊற்றுகிறீர்கள். இந்த எண்களை உங்கள் தலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றினாலும் விடை சின்னதாக வராது.

அந்த ஈரம் என்ன செய்யும் என்று பார்க்க நீங்கள் அரேபியாவுக்குப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் வைத்துக் கட்டிய ஏதாவது ஒரு பழைய வீட்டுக்குப் போங்கள். பின்னால் யாரோ திருத்துகிறோம் என்று சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசியிருப்பார்கள். விரல் மடிப்பால் தட்டிப் பாருங்கள், சில இடத்தில் வெறுஞ்சத்தம் வரும். அந்தப் பூச்சு தட்டுத்தட்டாகக் கழரும். பின்னால் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கல்லைத் தொட்டால் மா மாதிரி உதிரும். நடப்பது இதுதான்: நிலத்து ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது, முகப்புக்கு வந்து காய்கிறது, தண்ணீர் போய்விட உப்பு மட்டும் கல்லின் துளைகளுக்குள் படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் கல்லின் மணிகளைத் தள்ளி உடைக்கிறது. சீமெந்துப் பூச்சு ஈரத்தை வெளியே போக விடாமல் தடுப்பதால் அது இன்னும் மேலே ஏறி அங்கே வேலையைக் காட்டுகிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில் அந்தப் பூச்சே மெல்ல மெல்ல உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியதுதான்.

பாலைவன மண்ணில் உப்பு எங்கள் மண்ணைவிட அதிகம், ஏனென்றால் கழுவிக்கொண்டு போக மழை இல்லை. காய்ந்திருக்கும்வரை அந்த உப்பு பேசாமல் கிடக்கும். ஈரம் வந்தால்தான் எழும்பும். இதற்கு எகிப்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அலெக்சாந்திரியாவுக்குத் தென்மேற்கே உள்ள அபு மேனா என்ற பழைய கிறிஸ்தவ யாத்திரைத் தலம் 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள பாலை நிலத்தை விவசாயத்துக்குத் திருத்தி நீர்ப்பாய்ச்சத் தொடங்கியபோது நிலத்தடி நீர்மட்டம் ஏறியது. காய்ந்திருந்தபோது பாரத்தைத் தாங்கிய அங்குள்ள களிமண் ஈரத்தில் குழைந்துவிட்டது. நிலம் ஆங்காங்கே உள்ளே விழுந்தது. அங்கே அடக்கமான புனித மேனாவின் கல்லறைப் பகுதி இடிந்து விழாமல் இருக்க மணலால் நிரப்பி மூட வேண்டி வந்தது. 2001இல் அது ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலுக்குப் போனது. நீர்மட்டத்தைப் பம்பிகள் வைத்து இறக்கிய பிறகு, 2025இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒரு பார்வையாளர் நிலையம் அவ்வளவு தண்ணீரைக் கொட்டாது, உண்மை. ஆனால் தவறான பக்கத்தில், கல்லறைக்கு மேலே சரிவில், ஓர் உறிஞ்சு குழியும் அழகுக்கு ஒரு புல்தரையும் வைத்தால் அதே வேலையைச் சின்ன அளவில் செய்யலாம்.

ஆகவே உங்கள் திட்டவரைபில் முதலில் கோடு போட வேண்டியது நுழைவாயிலுக்கு இல்லை, கழிவுநீருக்கு. நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மலசலகூடமும் உறிஞ்சு குழியும் தலத்தைவிடத் தாழ்ந்த பக்கத்தில், எட்ட இருக்க வேண்டும். கிணற்றையும் மலக்குழியையும் எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்த ஊர் எங்களது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் எவ்வளவு லேசாக ஓடும் என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. முடிந்தால் நிலத்துக்குள் எதையுமே விடாத முறையைத் தேர்ந்தெடுங்கள்: உலர் மலசலகூடம், அல்லது மூடிய தொட்டியில் சேர்த்துப் பவுசரில் வெளியே எடுப்பது. அரபு நாட்டுத் தலம் என்றால் தொழுகை அறை கட்டாயம் இருக்கும். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒழுத் தண்ணீர் கிட்டத்தட்டச் சுத்தமானது, அதைச் சேர்த்து மலசலகூடத்துக்குத் திருப்பிவிடலாம். குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் ஒரு குழாய் வரையுங்கள். புல்தரை வேண்டாம். மரம் வேண்டுமென்றால் அந்த மண்ணுக்கே உரிய மரம், அதுவும் தலத்துக்கு எட்டத்தில். சமயத்தில் வேர்களும் சுவரைப் பிளக்கும்.

அடுத்தது, எங்கே கட்டுவது. சுற்றியிருக்கும் வேலிதான் தலத்தின் எல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இதைக் கண்ணால் காண யாழ்ப்பாணத்திலேயே உள்ள பழைய பௌத்தத் தலமான கந்தரோடைக்கு ஒருமுறை போங்கள். வேலிக்குள் சின்னச் சின்னத் தூபிகள் வரிசையாக நிற்கின்றன. 1917க்கும் 1919க்கும் இடையில் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்து பார்த்தார். ஆனால் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, கிறிஸ்துவுக்கு முற்பட்ட மக்கள் குடியிருந்த மண்படைகள் அந்தச் சுற்றாடலில்தான் கிடைத்தன. ஊர்ச் சனத்தின் தோட்டத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் கீழேதான் பழைய ஊர் கிடக்கிறது. பாலைவனத்திலும் இதே கதைதான். கல்லறையும் கோட்டையும் கண்ணுக்குத் தெரியும். அவற்றைக் கட்டினவர்களின் வீடு, சூளை, கிணறு, ஒட்டகம் கட்டிய இடம் எல்லாம் சுற்றி மணலுக்கடியில் இருக்கும். வெறும் தரை என்று நினைத்து வாகனத் தரிப்பிடம் வைக்கும் இடம்தான் பல நேரம் பழைய ஊர். அதனால் நிலத்தைக் கிளறாமல் அளக்கும் முறைகளால் முதலில் பார்த்து, சந்தேகமான இடத்தில் சோதனைக் குழி வெட்டி, தொல்லியலாளர் சரி என்று சொன்ன பிறகுதான் இடத்தைக் குறிக்க வேண்டும். அதன் பிறகும் ஆழமாகத் தோண்டாதீர்கள். துணி விரித்து அதன்மேல் சரளைக்கல் படுக்கை போட்டு, அதன்மேல் நிற்கிற அத்திவாரம், அல்லது கம்பிக்கூட்டுக்குள் கல் நிரப்பிய அடித்தளம் போதும். ஐம்பது வருடம் கழித்து வருபவர்கள் கட்டடத்தைக் கழற்றி எடுத்தால் நிலம் பழையபடி இருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளத்தை மறக்க வேண்டாம். மழையே இல்லாத இடத்தில் என்ன வெள்ளம் என்று தோன்றும். ஜோர்தானில் உள்ள பெற்ரா என்ற பழைய பாறை நகரத்தில் 1963ஆம் ஆண்டு திடீர் வெள்ளம் சீக் என்ற ஒடுக்கமான பள்ளத்தாக்கு வழியாக வந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோனது. இத்தனைக்கும் ஈராயிரம் வருடத்துக்கு முன்பே அந்த நகரத்தைக் கட்டிய நபத்தேயர் அந்த வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகை தட்டையாக, கட்டுவதற்கு வசதியாகத்தான் தெரியும். வாகனங்கள் போய்வரவும் லேசு. அங்கே வைக்கக் கூடாது.

சரி, இப்போது வெயிலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவரின் கை தானாக வரையும் கட்டடம் எது? பெரிய யன்னல், காற்றோட்டம், தாழ்வாரம், நடுவில் முற்றம். எங்கள் காலநிலைக்கு அது முழுக்கச் சரி. இங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் ஆறு ஏழு பாகைதான்; காற்றில் ஈரம் அதிகம். உடம்பில் காற்றுப் பட்டால்தான் வியர்வை காயும், ஆறுதல் வரும். உள்நாட்டுப் பாலைவனத்தில் பகல் 42, 43 பாகை என்றால் இரவு 25க்கு இறங்கலாம். அங்கே பகலில் யன்னலைத் திறந்தால் அடுப்பங்கரைக் காற்றுத்தான் உள்ளே வரும். பகலில் மூடி வைத்து, இரவில் திறந்து குளிர் காற்றைச் சுவருக்குள் ஏற்ற வேண்டும். கனமான மண்சுவரின் வேலை இங்கேதான்: 40, 50 சென்ரிமீற்றர் தடித்த சுவரில் வெளி வெப்பம் உள்ளே வந்து சேரப் பத்து மணித்தியாலம் அளவு பிடிக்கும். மத்தியானச் சூடு உள்ளே வரும்போது பார்வையாளர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இது நன்றாக உறுதியான விஷயம். அதே சுவரை வளைகுடாக் கரையோரத்தில் வைத்தால் அவ்வளவு உதவாது. ஆவணி மாதத்தில் அங்கே இரவும் புழுக்கம், சுவர் ஆறவே ஆறாது. ஆகவே உங்கள் தலம் கடலிலிருந்து எவ்வளவு உள்ளே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ‘பாலைவனம்’ என்று மட்டும் சொன்னால் வடிவமைக்க முடியாது.

சூரியன் நிற்கும் இடமும் வித்தியாசம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகை 40 கலை அளவில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணி நடுப்பகுதிவரை வடக்கே நிற்கிறது. அதனால் நாங்கள் வடக்குச் சுவருக்கும் தாழ்வாரம் போட்டுப் பழகிவிட்டோம். வடக்கே 26 பாகையில் உள்ள தலத்தில் மத்தியானச் சூரியன் ஒருநாளும் வடக்கே போகாது. தெற்குச் சுவரைக் கொஞ்சம் நீட்டிய கூரையால் நிழலாக்கிவிடலாம். கிழக்கும் மேற்கும்தான் சிக்கல். வெயில் சாய்ந்து வந்து நேரே உள்ளே குத்தும், எவ்வளவு கூரை நீட்டினாலும் பயன் குறைவு. அந்த இரண்டு பக்கத்திலும் திறப்புகளே வேண்டாம். கோடையில் அதிகம் வெயில் வாங்குவது கூரை. கூரைக்கு மேல் காற்றுப் போகும் இடைவெளி விட்டு இன்னொரு நிழற்கூரை போடுங்கள். நான் வேலை செய்த இடங்களில் எந்த இயந்திரமும் இல்லாமல் மிக அதிகம் பயன் தந்தது இந்த இரட்டைக் கூரைதான்.

மணலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வடமராட்சிக் கரையோரத்து மணற்காடு ஊருக்குப் போயிருப்பீர்கள். அதைப் பாலைவனம் என்று சனம் சொன்னாலும் அது கடற்கரை மணல்மேடுதான். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, பாலைவனத்துக்கு 250க்குக் கீழே. உலகின் பாலைவனங்களில் மணல் மூடிய பரப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மிச்சம் சரளையும் பாறையும். ஆனாலும் காற்றில் மணல் நடக்கும் விதத்தைப் படிக்க மணற்காடு நல்ல பள்ளிக்கூடம். காற்றடிக்கும் நாளில் ஒரு வேலித்தடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழேதான் மணல் சுள்ளென்று அடிக்கும், முகத்தில் அவ்வளவாகப் படாது. தடிக்குப் பின்பக்கம் வால் மாதிரி மணல் சேர்ந்துகொண்டு போகும். அங்கேயே மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்களையும் பாருங்கள், எந்தப் பக்கம் கூடுதலாக ஏறியிருக்கிறது என்று. கட்டடத்திலும் அப்படித்தான்: பறக்கும் மணலில் பெரும்பங்கு தரையிலிருந்து ஒரு மீற்றருக்குள் போகிறது, அதனால் காற்று எடுக்கும் வாய்களை அதற்கு மேலே வையுங்கள். வாசலைக் காற்றுக்கு நேரே வைக்காதீர்கள், நேர் பின்னாலும் வைக்காதீர்கள். பின்னால்தான் மணல் குவியும். உங்கள் கட்டடம் காற்றைத் திருப்பி, இதுவரை மணல் படாத கல்லறை வாசலில் கொண்டுபோய்க் கொட்டவும் கூடும். இதைக் காற்றின் போக்கைக் காட்டும் மாதிரியுரு ஒன்றில் சோதித்துக் காட்டினால் நடுவர்கள் நிச்சயம் கவனிப்பார்கள்.

இப்போதுதான் பொருள். மண்தான் பாலைவனத்துக்கு ஏற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள், எந்த மண் என்று கேளுங்கள். இன்று பல புதிய கட்டடங்களில் இடித்திறுக்கிய மண்சுவர் என்று சொல்வதற்குள் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு சீமெந்து கலந்திருக்கிறது. கணக்குப் போடுங்கள்: ஒரு கனமீற்றர் மண்சுவர் 2,000 கிலோ, அதில் எட்டுச் சதவீதம் 160 கிலோ சீமெந்து. 40 சென்ரிமீற்றர் தடித்த சுவரில் ஒரு சதுரமீற்றருக்கு 64 கிலோ வரும். சாதாரணக் கொங்கிரீட்டில் கனமீற்றருக்கு 300 கிலோ என்றாலும் 20 சென்ரிமீற்றர் சுவருக்குச் சதுரமீற்றருக்கு 60 கிலோதான். பார்த்தால் மண், சீமெந்தில் கொங்கிரீட்டுக்குச் சமம். கலக்கவே கூடாது என்று ஒரு பக்கமும், கலக்காவிட்டால் மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் நிற்காது என்று இன்னொரு பக்கமும் வாதாடுகிறார்கள். இது இன்னும் தீராத விவாதம். 2003 டிசம்பர் 26ஆம் திகதி ஈரானில் பாம் நகரத்து மண்கோட்டை நிலநடுக்கத்தில் சரிந்ததை யாரும் மறக்க முடியாது. என் சாய்வு இது: பாரம் தாங்கும் எலும்புக்கூடு வேறாக இருக்கட்டும், மண் வெறுமனே நிரப்பாகவும் வெப்பம் தாங்கியாகவும் இருக்கட்டும், சீமெந்து கலக்காமல். அடியில் இரண்டடி கல் கட்டுங்கள், மேலே கூரையை நன்றாக வெளியே நீட்டுங்கள். தலத்தின் கல் போலவே இருக்க வேண்டும் என்று அங்கிருந்தே கல் எடுக்கும் யோசனை வந்தால் உடனே விட்டுவிடுங்கள்.

காற்றுக் கோபுரம் பற்றிக் கேட்டீர்கள். ஈரானில் யாஸ்த் நகரத்தில் அவை உண்மையாகவே வேலை செய்கின்றன. காற்று வறண்டது, கீழே தண்ணீர் வைத்தால் ஆவியாகி குளிர்கிறது. ஆனால் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது தண்ணீர் செலவு, நான் மேலே சொன்ன ஈரமும் கூட. திறந்த முற்றத்தில் கொஞ்சம் வைக்கலாம். பழைய பொருட்கள் இருக்கும் அறையில் கூடவே கூடாது. குளிரூட்டியே இல்லாத கட்டடம் என்று பெருமையாக எழுத ஆசை வரும். 45 பாகைக்கு மேல் போகும் நாளில் பிள்ளைகளும் வயதானவர்களும் மயங்கி விழக் கூடாது. அங்கே வேலை செய்பவர்கள் எட்டு மணித்தியாலம் உள்ளே நிற்பவர்கள். அதனால் ஒரு சின்ன, நன்றாக மூடிய, குளிரூட்டிய அறை வையுங்கள். அசல் பொருட்களும் முதலுதவியும் அங்கே. மிச்சமெல்லாம் நிழலும் சுவரும் பார்த்துக்கொள்ளட்டும். குளிரூட்ட வேண்டிய பரப்பைப் பாதியாக்குவதைவிடப் பெரிய மின்சாரச் சேமிப்பு கிடையாது.

சோலர் பனல் போடுங்கள், வாகனத் தரிப்பிடத்தின் நிழற்கூரையாக. கோட்டையிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத பக்கமாக இருக்கட்டும். சூடு கூடக் கூடப் பனல் தரும் மின்சாரம் குறையும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம். தூசி படிந்தால் இன்னும் குறையும், தண்ணீரால் கழுவ நினைத்தால் திரும்பவும் தண்ணீர்க் கதை. உலர் தூரிகையால் துடைக்க ஆள் ஏறி நிற்க வழி வரையுங்கள். அவ்வளவுதான்.

எவ்வளவு கட்டுவது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். நிலையம் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அவுஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு மலையடிவாரத்தில் 1995இல் மண்கல்லால் ஒரு பண்பாட்டு நிலையம் கட்டினார்கள். கிரெகரி பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞர் அந்த நிலத்துக்குரிய அனங்கு மக்களோடு இருந்து வடிவமைத்தது. அந்த மக்கள் மலையில் ஏற வேண்டாம் என்று வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏன் ஏறக் கூடாது என்று அவர்களின் குரலிலேயே சொல்லும் இடமாக அந்த நிலையம் இருந்தது. 2019 ஒக்டோபர் 26ஆம் திகதியோடு ஏறுவது முற்றாக நின்றது. ஒரு நிலையம் பார்வையாளரின் நடத்தையை மாற்ற முடியும் என்றால் அதன் பரப்பளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சில இடங்களில் உள்ளே போகவே விடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. எகிப்தின் லக்சோரில் பழங்கால அரசி நெபர்தாரியின் கல்லறையில் உப்பு சுவரோவியத்தைப் பிளந்தெடுத்தது, அங்கும் உப்புத்தான். 1986 முதல் 1992 வரை ஓவியங்களைப் பேணிவிட்டு 1995இல் திறந்தபோது நாளுக்கு 150 பேர் என்று கட்டுப்படுத்தினார்கள், ஏனென்றால் ஆட்களின் மூச்சும் வியர்வையும் போதும் உப்பை எழுப்ப. அங்கேயே உள்ள துத்தன்காமன் மன்னனின் கல்லறைக்கு 2014இல் அச்சு அசலான நகல் ஒன்றைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். நகலைப் பார்த்து மக்கள் திருப்தியடைவார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனக்குத் தெரிந்தவரை, அது நகல் என்பதை மறைக்காமல், ஏன் நகல் என்ற காரணத்தையும் சொன்னால் சனம் மதிக்கிறது. உங்கள் தலத்தில் கல்லறைகள் இருப்பதால் ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த எண்ணிலிருந்து கட்டடத்தின் அளவை எடுங்கள். காத்திருப்பவர்களுக்கு நிழல், இருக்கை, தண்ணீர். கோப்பிக் கடையும் மண்டபமும் நினைவுப்பொருள் கடையும் பக்கத்து ஊரில் இருக்கட்டும். வியாபாரமும் அந்த ஊருக்கே போகும்.

அந்த ஊர் சனத்தைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது. தென்னாபிரிக்காவில் மாபுங்குப்வே என்ற பழைய இராச்சியத் தலைநகருக்குப் பீற்றர் ரிச் கட்டிய விளக்க நிலையம் 2009இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தெரிவானது. அது முழுப் பாலைவனம் இல்லை, வறண்ட புதர்க்காடு. அங்கே வேலை இல்லாமல் இருந்த உள்ளூர் ஆட்களைப் பழக்கி, மண்ணோடு கொஞ்சம் சீமெந்து சேர்த்து மெல்லிய ஓடுகளாக அழுத்தி, அவற்றை அடுக்கடுக்காக ஒட்டி வளைவுக் கூரைகள் எழுப்பினார்கள். கட்டடம் முடிந்தபோது அந்த ஊரிலேயே அதைத் திருத்தத் தெரிந்த கைகள் இருந்தன. எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் 1940களில் கட்டிய புதிய குர்னா ஊரையும் பாருங்கள். மண்கல் வளைவுகள் கொள்ளை அழகு; ஆனால் குடியேற வேண்டிய மக்கள் பழைய இடத்தைவிட்டு வர விரும்பவில்லை, பெரும்பகுதி அவர் நினைத்தபடி நிறையவே இல்லை. இரண்டிலும் கட்டினவர்களின் திறமையில் குறைவில்லை, வித்தியாசம் ஊர் சனம் சேர்ந்ததிலும் சேராததிலும்தான். மாலியில் ஜென்னே பெரிய பள்ளிவாசலுக்கு வருடந்தோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. எங்கள் ஊரில் மாரிக்கு முன் வேலி அடைத்த மாதிரித்தான், யாரும் அதைத் திருத்த வேலை என்று நினைக்கவில்லை, வருடத்தில் ஒரு வேலை என்று நினைத்தார்கள். உங்கள் கட்டடத்தின் பூச்சை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, எந்த மண்ணால், எந்த ஊர் மேசன்மார் பூசுவார்கள், அதற்குச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வரும் என்று ஒரு பக்கம் எழுதி வரைபடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மாணவர் வேலையில் அந்தப் பக்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் எழுதுங்கள்.

பாலைவனத்தைக் காணாதது பெரிய குறை இல்லை, தங்கச்சி. உங்களுக்கு உப்பு தெரியும், கிணறு தெரியும், தண்ணீரை எண்ணிச் செலவழிக்கத் தெரியும். அங்கே போய் வேலை செய்யும் பலருக்கு இவை புதிது. அடுத்த ஒரு மாதம் இரண்டு காரியம் செய்யுங்கள். கந்தரோடையில் ஒரு முழு மத்தியானம் நின்று, வரும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் முதலில் எந்த நிழலுக்குப் போகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தலத்தோடு ஒத்த ஒரு நகரத்தின் மணித்தியால வெப்பநிலைத் தரவை எடுத்து, யாழ்ப்பாணத்துத் தரவோடு ஒரே தாளில் கோடு வரைந்து பாருங்கள். அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்திலிருந்து சுவர் எவ்வளவு தடிப்பு, யன்னல் எப்போது திறப்பது என்பது தானாக வரும். வெட்டுமுகப் படம் தயாரானதும் இங்கேயே போடுங்கள், நேரம் எடுத்துப் பார்க்கிறேன். சுவரின் அடிப்பகுதியையும் கழிவுநீர்க் குழாய் போகும் வழியையும் தெளிவாக வரைந்திருங்கள், நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.